இந்தி பேசுவோரின் உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி, லக்னௌ, பாட்னா, இந்தூர் போன்ற நகரங்களின் பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும், பெங்களூரு, ஹைதராபாத் அலுவலகங்களின் பயிற்சிப் பிரிவுகளிலும், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அடிப்படை ஆங்கிலத்தைக் கடந்துவிட்ட மாணவர்களை அடுத்த படிக்கு அழைத்துச் செல்வது பற்றி அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இந்தி, ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டிருக்கின்றன. வர்க்க எழுத்துகளின், அதாவது நம் ஒரே 'க'வுக்கு இந்தியில் உள்ள நான்கு எழுத்துகள் போன்றவற்றின், ஒலி வேறுபாடு இதில் மறைந்துபோவதை இந்தி அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உயர்நிலைச் சொல்வளம் என்பதை எப்படி வரையறுப்பது? எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

ஆய்வாளர்கள் தனிச்சொற்களை எண்ணுவதைவிடச் சொற்குடும்பங்களை எண்ணுவதையே விரும்புகிறார்கள். 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்' ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். வங்காளத்தில் கல்வித்துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் இருந்தன. அதற்கு மேல், எல்லாத் துறைப் பாடநூல்களிலும் பொதுவாகப் பயிலும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் பட்டியலிட்டார். ஒரு நாவலையோ நாளிதழையோ துணையின்றிப் படிப்பதற்கு, அதாவது அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருப்பதற்கு, 8000 முதல் 9000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார்.

இந்தி வழியில் பட்டப்படிப்பை முடித்தவர்களிடம் முதல் 2000 பெரும்பாலும் இருக்கும். போட்டித் தேர்வுக்காக மனனம் செய்த அரிய சொற்கள் சிலவும் இருக்கும். நடுவில் உள்ள 'கன்சிஸ்டன்ட்', 'இம்ப்ளை', 'அசெஸ்', 'அட்ரிப்யூட்', 'சிக்னிஃபிகன்ட்' போன்றவைதான் தடுமாற்றம் தருகின்றன. இவை கண்ணில் பட்டால் புரிவதுபோல் இருக்கும். எழுத உட்கார்ந்தால் கைக்கு வராது. ஆகவே உயர்நிலைப் பயிற்சியை இந்த நடுப்பகுதியிலிருந்து தொடங்குவதே முறை. அகராதியின் ஓரத்தில் கிடக்கும் அரிய சொற்களுக்கு அவசரம் இல்லை.

இந்தி தாய்மொழியாக இருப்பது இந்த முயற்சியில் தடையா, துணையா?

பெரும்பாலான ஆசிரியர்கள் தடைகளை மட்டுமே எண்ணுகிறார்கள். துணையாகும் ஒன்று மிகப் பெரியது: இந்தி பேசுபவர் பிறந்ததிலிருந்தே ஒரு பொருளுக்கு மூன்று தளச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர். வீட்டுப் பேச்சில் 'கர்' என்பார். வாடகை பேசும்போது அரபு வழிவந்த 'மகான்' என்பார். அரசு விண்ணப்பத்தில் சமஸ்கிருத 'நிவாஸ்' என்று நிரப்புவார். மூன்றையும் இடம் மாற்றிப் போட்டால் காதுக்கு உறுத்தும் என்பது அவருக்கு யாரும் கற்பிக்காமலே தெரியும். ஆங்கிலமும் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. 'ஹவுஸ்' பழைய ஜெர்மானிய அடுக்கைச் சேர்ந்தது. 'ரெசிடென்ஸ்', 'டொமிசைல்' ஆகியவை பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தவை. 'ஆஸ்க்' பேச்சுக்குரியது, 'கொஸ்டின்' கொஞ்சம் கடுமையானது, 'இன்டெராகேட்' காவல் நிலையத்துக்குரியது. இந்தியிலும் 'பூச்னா', 'பிரஷ்ன் கர்னா' என்ற இரண்டுக்கு அப்பால் காவல்துறைக்கு 'தர்யாஃப்த் கர்னா' என்று பாரசீக வழியில் ஒன்று இருக்கிறது.

இந்த ஒப்புமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆட்சியாளரின் பிரெஞ்சு அங்கே நீதிமன்ற மொழியாயிற்று. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்ற சட்டம் 1362-இல்தான் வந்தது. வட இந்தியாவில் ஆட்சியாளரின் பாரசீகம் நீதிமன்றங்களில் நிலைபெற்று, 1837-இல் சட்டத்தின் வழியாக அகற்றப்பட்டது. மொழி போனாலும் சொற்கள் போகவில்லை. தில்லியின் முதல் தகவல் அறிக்கைகளில் பாரசீக, உருதுச் சொற்கள் நிறைந்து கிடப்பதால், பொதுமக்களுக்குப் புரியும்படி எளிய மொழியில் எழுதுமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 'ஜமானத்', 'ஹலஃப்நாமா', 'முத்தயி' ஆகியவற்றை இயல்பாகப் புழங்கும் ஒருவருக்கு, 'பெயில்', 'அஃபிடவிட்', 'ப்ளெய்ன்டிஃப்' ஆகியவை ஏன் மற்ற ஆங்கிலச் சொற்களைப்போல் இல்லை என்பதை ஒரே வகுப்பில் விளக்கிவிடலாம்.

இதைப் பயிற்சியாக்குவது எளிது. புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்லித் தரும்போது, அது இந்தியின் எந்தத் தளத்துக்கு நிகரானது என்று மாணவரையே கேளுங்கள். 'கமென்ஸ்' என்பது 'ஷுரூ' ஆகுமா, 'ஆரம்ப்' ஆகுமா, 'ப்ராரம்ப்' ஆகுமா என்று அவர்கள் வாதிடும் பத்து நிமிடங்கள், பொருள் எழுதிப்போடும் ஒரு மணி நேரத்தைவிடப் பயன் தரும்.

சமஸ்கிருத வேர்களைக் கொண்டு லத்தீன், கிரேக்க வேர்களைக் கற்பிக்கலாமா?

தாராளமாகக் கற்பிக்கலாம், எல்லை தெரிந்து கற்பிக்க வேண்டும். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொதுமூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தா ஆசியக் கழகத்தில் உரையாற்றினார். அந்த உறவு இந்தி பேசும் மாணவரின் வாயிலேயே இருக்கிறது. 'தந்த்' என்பதோடு 'டென்டல்', 'நாவிக்' என்பதோடு 'நேவிகேட்', 'அக்னி' என்பதோடு 'இக்னைட்', 'ம்ருத்யு' என்பதோடு 'மார்ட்டல்', 'மத்ய' என்பதோடு 'மீடியம்', 'யுவா' என்பதோடு 'ஜூவனைல்', 'விதவா' என்பதோடு 'விடோ' ஆகியவை உண்மையான உறவினர்கள். 'ஸ்வப்ன' என்பதும், 'இன்சோம்னியா' என்ற சொல்லுக்குள் இருக்கும் லத்தீன் 'சோம்னஸ்' என்பதும்கூட ஒரே வேர். 'ஞான்' என்பதற்கும் 'காக்னிஷன்', 'இக்னோர்' ஆகியவற்றுக்கும் உள்ள உறவைக் காட்டினால், 'அஞ்ஞான்' என்ற சொல்லின் அமைப்பே 'இக்னொரன்ஸ்' என்பதிலும் இருப்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

இதைவிடப் பயனுள்ள இடம் அறிவியல் பாடம். 1961-இல் அமைக்கப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் உள்ளிட்ட அமைப்புகள் வழங்கிய இந்திக் கலைச்சொற்களில் பல, ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கோத்தவை. 'பிரகாஷ் சம்ஷ்லேஷண்' என்பதில் 'பிரகாஷ்' என்பது 'ஃபோட்டோ', 'சம்ஷ்லேஷண்' என்பது 'சிந்தசிஸ்'. 'பஹுபத்' என்பதில் 'பஹு' என்பது 'பாலி', 'பத்' என்பது 'நோமியல்'. 'சதுர்புஜ்' என்பதை உடைத்தால் 'குவாட்ரிலேட்டரல்' உடைகிறது. 'மனோவிக்ஞான்' என்பதை உடைத்தால் 'சைக்காலஜி' உடைகிறது. இந்தி வழியில் பத்தாம் வகுப்பு அறிவியலை ஒழுங்காகப் படித்த ஒருவர், தன்னை அறியாமலே ஐம்பது கிரேக்க, லத்தீன் உறுப்புகளுக்குப் பொருள் தெரிந்தவராக இருக்கிறார். இந்தி வழி மாணவர் என்றாலே பின்தங்கியவர் என்ற எண்ணம் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆழமாக இருக்கிறது. இந்த ஓர் உண்மையாவது அதைக் கொஞ்சம் அசைக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 2022 முதல் மருத்துவப் பாடநூல்கள் இந்தியில் வந்துகொண்டிருப்பதால், இரு மொழிக் கலைச்சொற்களையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் தேவை இனி கூடவே செய்யும்.

எல்லை என்று சொன்னது இதுதான். ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு ஆகிவிடாது. 'பத்நாம்' என்பதில் உள்ள பாரசீக 'பத்' என்பதும் ஆங்கில 'பேட்' என்பதும் பொருளும் ஒலியும் ஒத்தவை. ஆனால் அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. மேலும் வேர் நினைவுக்குக் கைகொடுக்குமே தவிர, இன்றைய பொருளுக்கு உறுதி தராது. 'பெடெஸ்ட்ரியன்' என்பதில் 'பத்' என்ற கால் இருப்பது உண்மைதான். ஆனால் ஓர் உரையை 'பெடெஸ்ட்ரியன்' என்றால் அது சுவையற்றது என்று பொருள் என்பதை வேர் சொல்லாது.

சொற்களின் பொருள் தெரிந்தும், எழுதும் வாக்கியம் ஏன் இயல்பாக இல்லை?

தனிச்சொல்லைக் கற்று, அதன் கூட்டாளிச் சொற்களைக் கற்காததே காரணம். இந்தியில் 'தேஜ்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'தேஜ் பாரிஷ்', 'தேஜ் புகார்', 'தேஜ் ஆவாஜ்', 'தேஜ் ஹவா', 'தேஜ் சாகூ', 'தேஜ் தூப்', 'தேஜ் லட்கா' என்று மழை, காய்ச்சல், குரல், காற்று, கத்தி, வெயில், பையன் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காய்ச்சல் 'ஹை', குரல் 'லவுட்', காற்று 'ஸ்ட்ராங்', கத்தி 'ஷார்ப்', வெயில் 'ஹார்ஷ்', பையன் 'பிரைட்'. இந்த ஏழில் எதுவும் கடினமான சொல் அல்ல. ஏழும் முதல் 2000-க்குள் அல்லது அதன் அருகில் இருப்பவை. எனினும் 'ஃபாஸ்ட் ரெயின்' என்று எழுதும் முதுகலைப் பட்டதாரியைப் பார்க்கிறோம். அவருக்கு வேண்டியது 'டொரென்ஷியல்' என்ற புதுச்சொல் அல்ல. 'ஹெவி' என்ற பழைய சொல்லின் சுற்றத்தார் யார் என்ற அறிவு.

வினைச்சொற்களிலும் இதே கதை. 'கானா' என்றால் உண்பது. ஆனால் 'கசம் கானா' சத்தியம் செய்வது, 'ரிஷ்வத் கானா' லஞ்சம் வாங்குவது, 'தோகா கானா' ஏமாறுவது, 'டோகர் கானா' தடுக்கி விழப்போவது. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, எதிரே ஆங்கில வினைகளை நிரப்பச் சொன்னால், நான்கு இடத்துக்கும் நான்கு வேறு வினைகள் வேண்டும் என்பது மாணவருக்குப் பளிச்சென்று தெரியும். 'எக்ஸாம் தேனா' என்பதை அப்படியே பெயர்த்து 'கிவ் அன் எக்ஸாம்' என்று சொல்லும் பழக்கம் வடக்கில் பரவலானது. இந்தியாவுக்கு வெளியே அதைக் கேட்பவர் பேசியவரை ஆசிரியர் என்றே நினைத்துக்கொள்வார். நாமும் 'பரீட்சை எழுதினேன்' என்பதை 'ஐ ரோட் தி எக்ஸாம்' என்று பெயர்ப்பவர்கள்தான் என்பதால், இதில் அதிகம் சிரிப்பதற்கில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது: ஒரு பெயர்ச்சொல்லை எடுத்து, அதோடு வரும் வினைகளையும் அடைகளையும் திரட்டுவது. 'எவிடென்ஸ்' என்றால் அதைத் திரட்டுவதற்கு 'கேதர்', முன்வைப்பதற்கு 'ப்ரொட்யூஸ்', சீர்தூக்குவதற்கு 'வே', குலைப்பதற்கு 'டேம்பர் வித்'. அது வலுவானதாக இருந்தால் 'கம்பெல்லிங்', சொத்தையாக இருந்தால் 'ஃப்ளிம்சி', சூழ்நிலையை மட்டும் சார்ந்ததாக இருந்தால் 'சர்கம்ஸ்டான்ஷியல்'. ஒரு வாரத்துக்கு இப்படி ஐந்து பெயர்ச்சொற்கள் போதும்.

முன்னிடைச்சொற்களில் வரும் பிழைகளைச் சொல்வளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

ஆம். இந்தியின் 'ஸே' என்ற ஓர் உருபு ஆங்கிலத்தின் 'ஃப்ரம்', 'வித்', 'பை', 'சின்ஸ்', 'தேன்' ஆகிய ஐந்தின் வேலையையும் செய்கிறது. அதனால்தான் 'அஃப்ரெய்ட் ஃப்ரம்', 'மேரீட் வித்', 'சின்ஸ் டூ இயர்ஸ்' எல்லாம் பிறக்கின்றன. இவற்றை இலக்கண வகுப்பில் விதியாகச் சொல்லித் தீர்ப்பது கடினம். 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'கேபபில் ஆஃப்', 'ரெஸ்பான்சிபில் ஃபார்', 'இன்டிஃபரன்ட் டூ' என்று முதல் நாளிலேயே ஒட்டுச்சொல்லோடு சேர்த்து எழுதிக் கற்றுவிட்டால் பிழை எழாது.

துணைச்சொல் சேர்ந்த வினைகள், அதாவது 'கிவ் அப்', 'புட் ஆஃப்' போன்றவை, அவர்களுக்கு ஏன் பிடிபடுவதில்லை?

பயிற்சி நிலையங்கள் அவற்றை ஓர் நீண்ட பட்டியலாகக் கொடுத்து மனனம் செய்யச் சொல்வதால் பிடிபடுவதில்லை. உண்மையில் இதற்கு நெருங்கிய அமைப்பு இந்தியிலேயே உள்ளது. 'ரோனா' என்பது அழுவது. 'ரோ பட்னா' என்றால் அடக்க முடியாமல் அழுதுவிடுவது. 'போல்னா' என்பது பேசுவது. 'போல் உட்னா' என்றால் திடீரென்று வாய்விட்டுச் சொல்வது. 'தோட்னா' என்பதற்கும் 'தோட் டால்னா' என்பதற்கும் இடையே ஒரு முழுமையும் ஆவேசமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'பர்ஸ்ட் அவுட்', 'ப்ளர்ட் அவுட்', 'ஸ்மாஷ் அப்' ஆகியவற்றில் 'அவுட்', 'அப்' செய்யும் வேலை பெரும்பாலும் இதுவே: செயலின் தன்மையைக் கூர்மைப்படுத்துவது. தமிழிலும் 'சொல்லிவிட்டான்', 'சொல்லித் தொலைத்தான்', 'சொல்லிவைத்தான்' என்று துணைவினைகளால் நிறம் மாற்றுகிறோம் என்பதால், வட இந்திய மாணவருக்கு இதை விளக்கும் தகுதி தமிழ் ஆசிரியருக்கு மிகுதியாகவே உண்டு. எல்லா வினைகளும் இப்படி விளங்கிவிடா. 'புட் அப் வித்' போன்றவற்றைத் தனிச்சொல்லாகவே கற்க வேண்டும். பாதிச் சுமையாவது இறங்கும்.

இந்தியில் ஏற்கெனவே கலந்துள்ள ஆங்கிலச் சொற்கள் உதவுமா?

உதவும்; சில இடங்களில் குழியிலும் தள்ளும். வட இந்தியாவில் 'காப்பி' என்றால் குறிப்பேடு, 'டவுட்' என்றால் கேள்வி, 'டென்ஷன்' என்றால் கவலை. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொன்னால், தன் சொல்லை நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். கட்டடத்தின் பின்புறத்தைக் குறிக்கும் 'பேக்சைட்', படித்து முடித்ததைக் குறிக்கும் 'பாஸ் அவுட்', 'ஷுப் நாம்' என்பதைப் பெயர்த்த 'குட் நேம்' எல்லாம் இந்த வகை. இவற்றில் பல தமிழ்நாட்டிலும் புழங்குபவை என்பதால், ஆசிரியரே கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு.

எல்லாவற்றையும் பிழை என்று சிவப்பு மையால் அடிப்பது என் கருத்தில் தவறு. குறித்த நாளுக்கு முன்பே நடத்துவதைக் குறிக்கும் 'ப்ரிபோன்' இந்தியாவில் வேரூன்றி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றுவிட்டது. இந்தியருக்கு எழுதும்போது எது, பிறநாட்டவருக்கு எழுதும்போது எது என்று இரு பத்திகளாகப் பிரித்துக் கற்பிப்பதே நேர்மையான வழி.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பட்டியல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காமல் இருக்க முடியாது. பணியாளர் தேர்வு ஆணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதல் கட்டத்தின் 200 மதிப்பெண்களில் 50 ஆங்கிலத்துக்கு உரியவை; ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர், பல சொற்களுக்கு ஒரு சொல் ஆகியவை அதில் தவறாமல் வரும். அந்த வகைக் கேள்விகளுக்குப் பட்டியல் வேலை செய்யும். குடிமைப் பணித் தேர்வின் நிலைமை வேறு. 2011-இல் திறனறித் தாள் அறிமுகமானபோது, அதிலிருந்த ஆங்கிலப் பகுதி தங்களுக்குப் பாதகமானது என்று இந்தி வழி மாணவர்கள் முறையிட்டார்கள். 2014-இல் பயிற்சி நிலையங்கள் நிறைந்த தில்லி முகர்ஜி நகரில் போராட்டம் வெடித்தது. அந்த ஆண்டு ஆங்கிலப் பகுதி மதிப்பெண் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2015 முதல் அந்தத் தாள் முழுவதுமே 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாயிற்று. முதன்மைத் தேர்வின் 300 மதிப்பெண் ஆங்கிலத் தாளும் தகுதித் தாள்தான். அங்கே தேவைப்படுவது ஒரு பத்தியைப் புரிந்துகொண்டு சுருக்கி எழுதும் ஆற்றல். அரிய சொற்களின் பட்டியல் அதற்குக் கைகொடுக்காது.

இந்த மாணவர்கள் 'வோகேப்' என்று சுருக்கிச் சொல்லும் சொல்வளத்துக்காக அன்றாடம் படிப்பது, 1878-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தி இந்து நாளிதழின் தலையங்கம். அதன் கடினச் சொற்களை இந்தியில் விளக்கும் காணொளிகள் யூடியூபில் ஏராளமாக உள்ளன. சென்னை நாளிதழ் ஒன்று வட இந்தியாவின் ஆங்கிலப் பாடநூலாக மாறியிருப்பது நமக்கு வேடிக்கையாக இருந்தாலும், தேர்வு நல்ல தேர்வுதான். குறை எங்கே என்றால், தலையங்கத்தைப் படிக்காமல் அதிலிருந்து உருவப்பட்ட பத்துச் சொற்களை மட்டும் படிப்பதில். முதலில் முழுமையாகப் படித்து, வாதம் என்ன என்று இந்தியிலேயே இரண்டு வாக்கியம் எழுதச் செய்து, பிறகு சொற்களுக்கு வருவது நல்லது.

இந்திப் பொருள் தரும் அகராதியா, ஆங்கில விளக்கம் தரும் அகராதியா?

இரண்டும் வேண்டும், வரிசை முக்கியம். பெல்ஜியத்தில் பிறந்து 1935-இல் இந்தியா வந்து, ராஞ்சியில் பேராசிரியராக இருந்த பாதிரியார் காமில் புல்கே 1968-இல் வெளியிட்ட ஆங்கில–இந்தி அகராதி இன்றும் நம்பத்தக்கது. ஆங்கிலமே கோலோச்சிய காலத்தில் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குத் தம் ஆய்வேட்டை இந்தியில் எழுதிக் கொடுத்தவர் அவர். அவருடைய அகராதி, ஓர் ஆங்கிலச் சொல்லின் வெவ்வேறு பொருள்களுக்குத் தனித்தனி இந்திச் சொற்களைப் பிரித்துத் தருகிறது. பொருளை உடனே பிடிக்க அது உதவும். ஆனால் பயன்பாட்டைக் கற்க, மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதிக்குப் போக வேண்டும். 1978-இல் வெளிவந்த லாங்மேன் அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களைக் கொண்டே எல்லா விளக்கங்களையும் எழுதியது. அதன் பின்வந்த பலவும் அதே வழியைப் பின்பற்றின. முதல் 2000 தெரிந்த மாணவருக்கு இந்த விளக்கங்கள் புரியும் என்பதால், ஆங்கில அகராதி கண்டு அஞ்சத் தேவையில்லை.

கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் தட்டி ஒரே ஒரு இந்திச் சொல்லைப் பெற்றுக்கொள்வது மூன்றாவது வழி. அவசரத்துக்குச் சரி, கற்றலுக்குப் போதாது.

கற்ற சொற்கள் மறந்துபோகின்றன. என்ன செய்வது?

மறதியின் வேகத்தை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தம்மையே சோதித்து அளந்து காட்டினார். புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே நழுவுகிறது. இடைவெளியை நீட்டிக்கொண்டே மறுபடி நினைவுகூர்ந்தால் நிலைக்கிறது. கற்ற மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று திரும்பிப் பார்ப்பது எளிய ஏற்பாடு. 2006-இல் வெளிவந்த அன்கி என்ற செயலி இந்த நாட்கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அட்டையின் ஒரு பக்கத்தில் சொல், மறுபக்கத்தில் இந்திப் பொருள் என்று எழுதாமல், ஒரு வாக்கியத்தில் அந்தச் சொல் வரும் இடத்தைக் கோடிட்டு வைத்து, முதலெழுத்தை மட்டும் கொடுப்பது சிறந்தது. பிறர் தயாரித்த ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்வது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் கைவிடப்படும்.

உச்சரிப்பையும் பார்க்க வேண்டுமா?

சொல்லைக் காதால் அறியாதவர் அதைப் பேச்சில் பயன்படுத்தத் தயங்குவார் என்பதால் பார்க்க வேண்டும். தேவநாகரியில் ஒரே 'வ' இருப்பதால் 'வெஸ்ட்' என்று எழுதினால் மேற்குத் திசையா, உள்ளாடையா என்று தெரியாது. கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் 'இஸ்கூல்' என்றும், பஞ்சாப் பக்கம் 'சகூல்' என்றும் கேட்கலாம். இவற்றைவிடச் சொல்லழுத்தமே முக்கியம்: 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழுவதை தேவநாகரி எழுத்துப்பெயர்ப்பு காட்டாது. ஒலிப்பதிவுள்ள இணைய அகராதியைக் கேட்கச் செய்யுங்கள். நம் நாக்கிலும் சில ஆங்கில ஒலிகள் சரியாக நிற்பதில்லை என்பதால் நாமும் கூடவே கேட்கலாம்.

மாணவர்கள் எதற்கெடுத்தாலும் பெரிய சொல்லைப் போடுகிறார்கள். இதை எப்படித் தடுப்பது?

'யூஸ்' இருக்கும் இடத்தில் 'யூட்டிலைஸ்', 'பை' இருக்கும் இடத்தில் 'பர்ச்சேஸ்', 'ஸ்டார்ட்' இருக்கும் இடத்தில் 'கமென்ஸ்' என்று எழுதுவது, இந்தியப் பள்ளிகள் முழுவதும் பரவிய நோய். அலுவலகக் கடிதங்களின் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' அதற்கு உரமிட்டது. இந்தி பேசுபவரிடம் இதற்கு உடனடி மருந்து உண்டு. ரயிலை 'லௌஹ்பத்காமினி' (இரும்புப் பாதையில் செல்பவள்) என்று அழைத்துத் தூய இந்தியைக் கேலி செய்யும் பழைய நகைச்சுவை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தேநீர்க்கடையில் நின்று 'லௌஹ்பத்காமினி எப்போது வரும்' என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்குமோ, நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'கமென்ஸ்' அப்படித்தான் இருக்கும் என்று சொல்லுங்கள். பிறகு ஒரே செய்தியை மூன்று பேருக்கு எழுதச் செய்யுங்கள்: நண்பருக்கு ஒன்று, மேலாளருக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று. பெரிய சொல்லுக்குரிய இடமும் அதில் கிடைக்கும். தடை செய்ய வேண்டிய தேவை இராது.

கற்பிப்பவருக்கு இந்தி தெரிந்திருக்க வேண்டுமா?

சரளமாகப் பேசத் தேவையில்லை. இந்திப் பாடநூலை எழுத்துக்கூட்டிப் படிக்கவும், 'லக்னா', 'கர்னா', 'கானா', 'தேஜ்' போன்ற பல வேலை செய்யும் சொற்களின் வழக்குகளை அறியவும் முடிந்தால், பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். அதுகூடத் தெரியாதவர் மாணவரிடமே கேட்கலாம். தம் மொழியை ஆசிரியருக்கு விளக்கும்போது அவர்கள் நன்றாகக் கற்கிறார்கள்.

வேலைக்குச் செல்பவர், நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் உள்ளவர், என்ன செய்யலாம்?

முதல் பத்து நிமிடம் பழைய அட்டைகளுக்கு; இதை எந்த நாளும் விடக் கூடாது. அடுத்த பதினைந்து நிமிடம் தம் துறையைச் சார்ந்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் இரண்டு மூன்று பத்திகளுக்கு. வங்கியில் இருப்பவர் வங்கிச் செய்தியையும், செவிலியர் மருத்துவச் செய்தியையும் படிக்கட்டும். அப்போதுதான் கற்ற சொல் மறுநாள் வேலையில் திரும்ப எதிர்ப்படும். அதிலிருந்து ஐந்து சொற்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். நாளுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 1800-க்கும் மேல் ஆகிறது; மறதிக்குப் பாதியைக் கழித்தாலும் 900 மிஞ்சும், அது காக்ஸ்ஹெட்டின் 570-ஐவிட அதிகம். கடைசி ஐந்து நிமிடத்தில், அந்தச் சொற்களில் இரண்டையாவது அன்றைய வேலையைப் பற்றிய தம் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி, முந்தைய பக்கத்தோடு வைத்து ஆசிரியர் படிக்கலாம். அப்போது புதுச்சொற்கள் எத்தனை என்று எண்ணுவதைவிட, 'வெரி', 'குட்', 'திங்', 'டூ' ஆகிய நான்கும் எத்தனை இடங்களில் குறைந்திருக்கின்றன என்று எண்ணுவது சரியான அளவைத் தரும்.